ராஸ்பெர்ரி பைக்கு ஒரு பெட்டி: வாங்குவதா, அச்சிடுவதா, எந்தப் பிளாஸ்டிக்கில்?

பினாங்கில் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினிப் பலகையை (போர்டு) வாங்கியவர்கள் கொஞ்ச நாளிலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பெட்டி அடிக்கணும், எந்த 3டி பிரிண்டர் வாங்கலாம்?" பிரிண்டர் பேச்சை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். முதலில் அந்தப் பெட்டி எங்கே உட்காரப் போகிறது என்று சொல்லுங்கள். டிவிக்குப் பக்கத்திலா, சாமி மேடையிலா, வாசல் கூரைக்கு அடியிலா, காருக்குள்ளா? இடம் தெரிந்தால் எந்தப் பிளாஸ்டிக் என்பது தெரிந்துவிடும். பிளாஸ்டிக் தெரிந்தால், யார் அச்சிட வேண்டும் என்பதும் பாதி முடிவாகிவிடும். அச்சிடவே தேவையில்லை என்றும் பதில் வரலாம்.

போர்டைப் பற்றி முதலில் கொஞ்சம். பை 4, பை 5 இரண்டும் 85க்கு 56 மில்லிமீட்டர். நான்கு திருகாணித் துளைகளின் மையங்கள் 58க்கு 49 மிமீ இடைவெளியில் இருக்கின்றன. துளை 2.7 மிமீ அகலம், எம்2.5 திருகாணி அதில் போகும். அளவு ஒன்றாக இருக்கிறதே என்று பை 4க்கான பெட்டியைப் பை 5க்கு வாங்கிவிடக் கூடாது. 2019இல் வந்த பை 4இலிருந்து 2023இல் வந்த பை 5க்குப் போகும்போது, நெட்வொர்க் கேபிள் செருகும் இடமும் யுஎஸ்பி இடமும் ஒன்றுக்கொன்று மாறிவிட்டன. 3.5 மிமீ ஆடியோ ஜாக் போய்விட்டது. புதிதாக ஒரு பவர் பட்டன் வந்திருக்கிறது. விளம்பரத்தில் "பை பெட்டி" என்று மட்டும் போட்டு மலிவாக விற்பதை வாங்கும் முன் எந்தப் பைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சூடு. சிப் 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள ஆரம்பிக்கும். 85ஐ நெருங்கினால் இன்னும் கடுமையாகக் குறைக்கும். கேமரன் மலையில் இருப்பவருக்கு அந்த 80 ரொம்பத் தூரம். பட்டர்வொர்த்தில், ஏசி இல்லாத கூடத்தில், மதியம் 32, 33 டிகிரி அடிக்கும்போது அவ்வளவு தூரம் இல்லை. அதனால் நம் ஊரில் பெட்டியின் அழகைவிடக் காற்றோட்டம் முக்கியம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் போட்டிருக்கும் வடிவத்தில் மேலே நான்கு சின்ன ஓட்டை மட்டும் இருந்தால், அது அவர் ஊர்க் குளிருக்குப் போதும், நமக்குப் போதாது.

சரி, கடைப் பெட்டியிலிருந்து ஆரம்பிப்போம். வெறும் போர்டு, டிவிக்குப் பின்னால் ஒரு மூலை, படம் பார்க்கவோ இணைய விளம்பரம் தடுக்கவோ மட்டும் என்றால், கடையில் வாங்குவதே சரி. ராஸ்பெர்ரி பை நிறுவனமே விற்கும் பை 5 பெட்டியில் காற்றாடியும் சேர்ந்தே வருகிறது. சிப் 50 டிகிரியைத் தாண்டினால் காற்றாடி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்து, சூடு ஏற ஏற வேகம் கூட்டும். பினாங்குக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. மலேசியாவில் ராஸ்பெர்ரி பை விற்கும் சைட்ரான் நிறுவனம் பினாங்கில்தான் இருக்கிறது. கோலாலம்பூரில் இருப்பவர்கள் லோ யாட் பிளாசாவிலும் ஜாலான் பாசாரில் உள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் ஒரு சுற்று வந்து பார்க்கலாம். அலுமினியப் பெட்டிகளும் கிடைக்கும். பெட்டியே சூட்டை இழுத்து வெளியே விடுவதால் காற்றாடிச் சத்தம் இல்லாமல் ஓட்டலாம். ஆனால் உலோகம் சுற்றி மூடினால் வைஃபை பலவீனமாகும். ரௌட்டர் ஒரு அறை தள்ளி இருக்கும் வீட்டில் அது உடனே தெரியும். நெட்வொர்க் கேபிள் போடுகிறவர்களுக்கு அலுமினியம் அருமையான தேர்வு.

இப்படிப்பட்ட வேலைக்கு அச்சிடுவதில் மிச்சமாவது எதுவும் இல்லை. போர்டோடு வேறு ஏதாவது சேர்ந்து உட்கார வேண்டும் என்னும்போதுதான் அச்சுப் பெட்டிக்குக் காரணம் பிறக்கிறது. என் மனதில் எப்போதும் இருக்கும் உதாரணம், வீட்டுப் பெரியவர்களுக்கான வானொலிப் பெட்டி. மலேசியத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம் இணையத்தில் ஓட வேண்டும், கைப்பேசியைத் தடவத் தெரியாத அம்மாவோ பாட்டியோ ஒரு பெரிய பட்டனை அழுத்தினால் பாட வேண்டும், இன்னொன்றை அழுத்தினால் சுப்ரபாதம் வர வேண்டும், ஒலியைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு வேண்டும். விளையாட்டு இயந்திரங்களில் இருப்பது போன்ற 30 மிமீ ஆர்கேட் பட்டன் இரண்டு, ஒலிக்கான தனி போர்டு, ஒரு ஸ்பீக்கர். இதெல்லாம் உள்ளே அடங்குகிற பெட்டியை எந்தக் கடையும் வைத்திருக்காது. அச்சிடத்தான் வேண்டும்.

இந்த வேலைக்கு பை 5 எதற்கு என்று ஒரு கணம் யோசியுங்கள். வானொலி ஓட்ட 65க்கு 30 மிமீ அளவுள்ள பை ஜீரோ 2 டபிள்யூ தாராளமாகப் போதும். அது சூடாவதும் குறைவு, காற்றாடியும் வேண்டாம். சூட்டை இழுத்து வெளியே விடும் சின்ன உலோகத் துண்டு (ஹீட்சிங்க்) ஒன்றை ஒட்டினால் முடிந்தது. பை 5இல் இல்லாதது போலவே இதிலும் ஆடியோ ஜாக் இல்லை. அதனால் எதை எடுத்தாலும் ஒலிக்குத் தனி போர்டு தேவைப்படும். பெட்டியில் தலையைப் பிய்த்துக்கொள்கிற பலருக்குச் சின்ன போர்டுக்கு மாறினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நடுவில் இன்னொரு வழி, லேசர் வெட்டிய அக்ரிலிக். விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் 3 மிமீ தகட்டை வெட்டித் தருவார்கள். மேலே ஒன்று கீழே ஒன்று வைத்து, நடுவில் பித்தளைத் தூண் கொடுத்து இறுக்கினால் பெட்டி தயார். வேகமான வழி, பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். ஆனால் நான்கு பக்கமும் திறந்தே கிடக்கும். நம் ஊர் எறும்புக்கு அது அழைப்பு. பக்கச் சுவரும் சேர்த்து வெட்டலாம், ஆனால் திருகாணியைக் கொஞ்சம் அதிகம் இறுக்கினாலும் துளையைச் சுற்றி விரிசல் விடும். பள்ளிக் கணினி மன்றத்தில் பிள்ளைகளுக்கு போர்டின் உள்ளே இருப்பது தெரிய வேண்டும் என்றால் அக்ரிலிக் எடுங்கள். வீட்டில் வருடக்கணக்கில் இருக்கப் போகும் பெட்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அச்சிடுவது என்று முடிவான பிறகு, வடிவத்தை முழுக்க நாமே வரைவதா, பிறர் வரைந்ததை எடுப்பதா? என் பதில் உறுதியானது: அடிப்பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மூடியை மட்டும் நீங்கள் வரையுங்கள். பைக்கான அடிப்பெட்டி வடிவங்கள் பிரிண்டபிள்ஸ், திங்கிவர்ஸ் போன்ற தளங்களில் ஏராளம். பலர் அச்சிட்டு, குறை சொல்லி, திருத்தப்பட்டவை. துளை இடமும் கேபிள் செருகும் போர்ட் இடமும் அதில் ஏற்கெனவே சரியாக இருக்கும். உங்கள் தேவை என்று தனியாக இருப்பதெல்லாம் மூடியில்தான் இருக்கிறது: பட்டன், திரை, ஸ்பீக்கர் ஓட்டை, பெயர். மூடி மட்டும் என்றால் டிங்கர்கேட் என்ற 3டி வரையும் மென்பொருளே போதும். பிரௌசரிலேயே ஓடும், பத்து வயதுப் பிள்ளையும் கற்றுக்கொள்ளும். அளவுகளை அடிக்கடி மாற்றுவீர்கள் என்றால் ஃப்ரீகேட் அல்லது ஓபன்ஸ்கேட் நல்லது. ஓபன்ஸ்கேடில் எண்களைக் குறியீடாக எழுதிவிடலாம். பட்டன் 24 மிமீ ஆகிவிட்டால் ஒரே ஓர் எண்ணை மாற்றினால் எல்லாம் மாறும். அச்சிட்டு விற்கும் எண்ணம் இருந்தால் எடுத்த வடிவத்தின் உரிமத்தைப் படியுங்கள். வணிகத்துக்கு அனுமதி இல்லை என்று பலர் போட்டிருப்பார்கள்.

முழுவதும் நாமே வரைவதில் எங்கே சறுக்கும் என்று தெரிந்தால், நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரியும். சார்ஜர் கேபிளை எடுத்துப் பாருங்கள். யுஎஸ்பி சி முனையின் உலோகம் சின்னது. அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கழுத்து அதைவிடத் தடிமன். உலோகத்தை மட்டும் அளந்து ஓட்டை போட்டால், கழுத்து சுவரில் முட்டி முனை பாதிதான் உள்ளே போகும். பாதி செருகியது கொஞ்சம் அசைந்தாலும் பை அணைந்து எழும். சின்ன எச்டிஎம்ஐ முனைகளிலும் இதே கதை. கேபிளின் கழுத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து, சுற்றிலும் அரை மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள், அல்லது அந்த இடத்தில் சுவரையே மெலிதாக்குங்கள். போர்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒவ்வொரு பக்கமும் 0.3 மிமீ விட்டால் வீட்டுப் பிரிண்டரில் பொதுவாகச் சேரும். அச்சில் துளைகள் வரைந்ததைவிடச் சற்றுச் சின்னதாகவே வரும். முழுப் பெட்டியையும் அச்சிடும் முன், போர்ட்டுகள் இருக்கும் அந்த ஒரு சுவரை மட்டும் வெட்டி அச்சிட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மூடி எப்படிப் பூட்டும் என்பதும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியது. கொக்கி போட்டு டக்கென்று மூடும் பெட்டி வீடியோவில் நன்றாக இருக்கும். அச்சு அடுக்கடுக்காகத்தான் ஏறுகிறது. நிமிர்ந்து நிற்கும் கொக்கியை வளைத்தால் இரண்டு அடுக்குக்கு நடுவில் உடையும். அடிக்கடி திறக்கும் பெட்டிக்குக் கொக்கி வேண்டாம். உள்ளே மரை வெட்டிய சின்னப் பித்தளைக் குழாயை (இன்சர்ட்) சாலிடரிங் அயர்ன் முனையால் சூடுகாட்டி பிளாஸ்டிக்கில் அழுத்திப் பதித்தால், எத்தனை முறை வேண்டுமானாலும் திருகாணியைக் கழற்றி மாட்டலாம். இன்சர்ட் நேராக இறங்க வேண்டும். முக்கால் பங்கு இறங்கியதும் அயர்னை எடுத்துவிட்டு, ஒரு தட்டையான உலோகத் துண்டால் மட்டம் வரை அழுத்திப் பிடித்து ஆறவிடுங்கள். நூறு பித்தளை இன்சர்ட் ஒரு பொட்டலமாகவே கிடைக்கிறது, பெரிய செலவில்லை.

காற்றோட்டத்துக்கு வட்ட ஓட்டைகளைவிட நீளமான கோடுகள் நல்லது. அகலம் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். பல்லிக் குஞ்சு வெதுவெதுப்பான இடத்தைத் தேடி உள்ளே போகும். அது போர்டின் மேல் படுத்தால் ஷார்ட் ஆகும். எறும்பை அந்த அகலமும் நிறுத்தாது. உள்பக்கம் மெல்லிய வலைத்துணி ஒட்டினால்தான் நிற்கும். சாமி மேடைக்கு வேறு கணக்கு. விளக்கெண்ணெய்ப் புகையும் சூடத்தின் கரியும் அங்கே எப்போதும் மிதக்கும். காற்றாடி போட்டால் அத்தனையையும் இழுத்து ஹீட்சிங்க்கின் மேல் படியவிடும், கொஞ்ச நாளில் பிசுபிசுவென்று கறுப்பாகும். அந்த இடத்துக்குக் காற்றாடியே வேண்டாம். மேல்பக்கம் மூடியதாக, பக்கவாட்டில் மட்டும் கோடு போட்டதாக, உள்ளே பை ஜீரோ வைத்ததாக இருக்கட்டும். எண்ணெய்ச் சொட்டும் விபூதியும் மேலே விழுந்தாலும் துடைத்துவிடலாம்.

இனி பிளாஸ்டிக். கடையில் முதலில் நீட்டுவது பிஎல்ஏ. அச்சிட எளிது, வளையாது, மூலை தூக்காது, எல்லா நிறத்திலும் கிடைக்கும். அதன் பலவீனம் சூடு: 60 டிகிரி பக்கம் இளக ஆரம்பித்துவிடும். வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும். காரில் வைக்கும் பெட்டியைப் பிஎல்ஏவில் அடித்தால் அது கோணிப் போவது நிச்சயம். வீட்டுக்குள் டிவி பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குப் பிஎல்ஏ தாங்கும். ஆனால் சூடான பை 5இன் எடையையும் காற்றாடித் திருகாணியின் இறுக்கத்தையும் வருடக்கணக்கில் சுமக்கும் தூண்கள் மெல்ல மெல்ல வடிவம் இழக்கும். திருகாணி தானாகத் தளர்ந்தது போல் தெரிவது பல நேரம் இதனால்தான்.

அடுத்த பிளாஸ்டிக்கான பெட்ஜி 80 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். பிஎல்ஏ போலப் படக்கென்று உடையாது, கொஞ்சம் வளைந்து கொடுக்கும், இன்சர்ட்டையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இதன் தலைவலி ஈரம். நம் காற்றில் ஈரப்பதம் இரவெல்லாம் 80, 90 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது. திறந்து வைத்த பெட்ஜி இழைச் சுருள் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அச்சிடும்போது பிளாஸ்டிக் உருகி வரும் முனையில் (நாஸில்) படபடவென்று சத்தம் வந்தால், ஓட்டைகளுக்கு நடுவே சிலந்தி நூல் போல இழை தொங்கினால், அது ஈரம். 65 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வைத்தால் சரியாகும். வீட்டுக்குள் இருக்கும் எந்தப் பை பெட்டிக்கும் என் தேர்வு பெட்ஜிதான். பிஎல்ஏ எளிது என்பதற்காக அதைவிட்டு இறங்க மாட்டேன்.

ஏபிஎஸ் 100 டிகிரியைத் தாண்டித் தாங்கும். ஆனால் மூடிய பிரிண்டர் இல்லாமல் அடித்தால் மூலைகள் தூக்கிக்கொள்ளும். அச்சிடும்போது வரும் ஸ்டைரீன் வாடையைப் படுக்கையறையில் வைத்து முகர்வது உடம்புக்கு நல்லதில்லை. அடுக்குமாடி வீட்டில் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வெயிலில் இருக்க வேண்டிய பெட்டிக்கு ஏஎஸ்ஏ என்ற அதன் உறவுக்காரப் பிளாஸ்டிக் இருக்கிறது. புற ஊதாக் கதிருக்கு அது அசைந்து கொடுக்காது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் பாட்டுக்கும் திரைக்கும் பை வைக்கிறவர்கள், வாசலில் மழைமானி மாட்டுகிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். நிறம் வெள்ளையாக இருக்கட்டும். வெயிலில் கறுப்புப் பெட்டி தனக்குத்தானே சூடு சேர்த்துக்கொள்ளும்.

இப்போது பிரிண்டருக்கு வரலாம். ஒரு பை பெட்டி மூடியோடு சேர்த்து ஐம்பது கிராம் பக்கம் வரும். ஃபிலமென்ட் எனும் பிளாஸ்டிக் இழை கிலோ அறுபது வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால், பிளாஸ்டிக் செலவு மூன்று வெள்ளி. மின்சாரம் அதற்கும் கீழே. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் பிரிண்டர் வாங்கத் துணிகிறார்கள். பிரிண்டரின் விலையை ஒரே ஒரு பெட்டியின் மேல் ஏற்றிப் பார்த்தால் கணக்கு தலைகீழாகும். பெட்டிக்குப் பிறகு என்ன அடிப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உடைந்த மின்விசிறிக் குமிழ், பிள்ளைகளின் அறிவியல் திட்டம், கோயில் விழாவுக்கான அச்சு என்று பட்டியல் நீண்டால் வாங்குங்கள். 180 மிமீ அச்சுத் தட்டுள்ள சின்ன பிரிண்டரே எந்தப் பை பெட்டிக்கும் போதும். அந்தத் தாள் காலியாக இருந்தால் அச்சிட்டுத் தரும் கடைக்குப் போங்கள்.

கடை என்று சொல்வது பெரும்பாலும் வீட்டிலேயே பிரிண்டர்கள் ஓட்டும் ஆள்தான். பினாங்கில் இதற்குக் குறைவில்லை. 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இங்கே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைப் பற்றிப் பேசினால் முகம் சுளிக்காத ஆட்கள் நிறையப் பேர். தொழிற்சாலை வேலை முடிந்து இரவில் பிரிண்டர் ஓட்டுகிறவர்கள் புக்கிட் மெர்தாஜாமிலும் ஜூருவிலும் கிடைப்பார்கள். பேச்சு இப்படித்தான் போகும்: "அண்ணே, பிஎல்ஏல போட்டுடவா?" "வேணாம் தம்பி, பெட்ஜி. சுருளைக் காயவச்சுட்டுப் போடு. சுவர் ரெண்டு மிமீ." இந்த ஒரு நிமிடப் பேச்சுதான் உள்ளூர்க் கடையின் பலம். சேரவில்லை என்றால் போர்டையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம்.

சீனாவில் ஷென்சென் பக்கம் உள்ள நிறுவனங்களுக்கு இணையத்தில் வடிவக் கோப்பை ஏற்றி, அச்சிட்டு வாங்குவது இன்னொரு வழி. அங்கே எம்ஜேஎஃப், எஸ்எல்எஸ் முறையில் நைலான் தூளிலிருந்து செய்து தருவார்கள். அடுக்குக் கோடுகள் கண்ணுக்குத் தெரியாது, கொக்கி கூட உடையாது, சூடும் தாங்கும். வீட்டு பிரிண்டர் இந்தத் தரத்தைத் தொட முடியாது. ஆனால் கப்பல் அல்லது விமானக் கட்டணம் உண்டு, காத்திருப்பு உண்டு, 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளை இணையத்தில் வாங்கினால் 2024 ஜனவரி முதல் 10 சதவீத வரியும் உண்டு. ஒரு ஓட்டை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அதனால் உள்ளூரில் பெட்ஜியில் அடித்துப் பார்த்து, எல்லாம் சேர்ந்த பிறகே அங்கே அனுப்புங்கள். ஒரே வடிவம் பத்து இருபது தேவைப்படும் பள்ளிக்கோ சங்கத்துக்கோ அது லாபம். அதே தளங்களில் ரெசின் அச்சு (திரவப் பிளாஸ்டிக்கை ஒளியால் இறுக வைப்பது) மிக மலிவாகக் காட்டுவார்கள், படத்தில் மெழுகு போல வழவழப்பாக இருக்கும். சிலைக்கும் பொம்மைக்கும் அது சரி. திருகாணி ஏறும் பெட்டிக்கு வேண்டாம். சாதாரண ரெசினில் தூண் பிளந்துவிடும், வெயில் பட்டால் மஞ்சளாகும்.

அம்மாவின் வானொலிப் பெட்டிக்கே இதை வைத்துப் பார்த்தால்: பை ஜீரோ 2 டபிள்யூ, இணையத்தில் எடுத்த அடிப்பாகம், டிங்கர்கேடில் வரைந்த மூடி, பெட்ஜி, புக்கிட் மெர்தாஜாம் ஆள், பித்தளை இன்சர்ட். பேரன் ஒருவன் வீட்டில் இருந்து, அவனுக்கு இதில் ஆர்வம் வந்துவிட்டது என்றால் பிரிண்டரே வாங்கலாம். அந்தச் செலவை நான் தடுக்க மாட்டேன்.

யாரிடம் கொடுத்தாலும் எஸ்டிஎல் என்ற அச்சு வடிவக் கோப்போடு, வரைந்த மென்பொருள் தருமானால், திருத்த வசதியான ஸ்டெப் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள், உங்களிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டிஎல் வெறும் முக்கோணங்களின் கூட்டம், அதில் ஓட்டையை நகர்த்துவது பெரும்பாடு. ஸ்டெப் இருந்தால், அடுத்த பை வந்து போர்ட்டுகள் மறுபடி இடம் மாறினாலும் ஒரு பக்கச் சுவரை மட்டும் திருத்தினால் போதும். கோப்புடன் எழுதி அனுப்ப வேண்டியவை: பிளாஸ்டிக் எது, நிறம், அடுக்கு உயரம் 0.2 மிமீ, சுவர் தடிமன், எந்தப் பக்கம் தட்டில் படுக்க வேண்டும், எந்தத் துளைக்கு இன்சர்ட். மூடியின் வெளிப்பக்கம் தட்டில் படுத்தால் மேற்பரப்பு வழவழப்பாக வரும், பட்டன் ஓட்டைகளுக்குத் தற்காலிகமாக முட்டுக்கொடுக்கும் தாங்கியும் தேவைப்படாது.